வால் வெட்டாத பெயர்கள்

பெருங்குடியில் ஒலிப்புத்தகம் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. கதை படிப்பவர்களின் மூச்சு, இருமல், எச்சில் விழுங்கும் சத்தம் எல்லாவற்றையும் கணினியில் வெட்டி எறிவதுதான் அந்த வேலை. நாளெல்லாம் அதைச் செய்துவிட்டு அடையாற்றங்கரைக்குத் திரும்பினால், எங்கள் தெரு முழுக்க வெட்டப்படாத சத்தமாகக் கேட்கும். அதில் பெரிய சத்தம் என் புருஷன் செம்பியனுடையது. சாவு வீடுகளில் கானா பாடுகிறவன்.

எங்கள் பக்கம் கானா பாடுகிறவன் செத்தவரைப் பெயர் சொல்லி அழைத்துப் பாட வேண்டும். பெயர் வராவிட்டால் வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள். செம்பியன் ஒரு பெயரை எடுத்தால் அது ஆற்றைத் தாண்டிப் போய்த் திரும்பி வருவது போல இருக்கும். அந்தக் குரலைக் கேட்டுத்தான் நான் அவனைக் கட்டிக்கொண்டேன். வேறு காரணம் ஒன்றும் கிடையாது.

அந்தத் தொண்டையில் கட்டி. குரல்பெட்டியை எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வான் என்றார்கள் ஆஸ்பத்திரியில். பிறகு பேசுவதற்கு ஒரு கருவி தருவார்களாம், ஆனால் அது பாடாது. உயிர் இருந்தால் போதும் என்று நான் டாக்டர் முன்னாலேயே சொல்லிவிட்டேன். அவன் பஸ்ஸில் வரும்போது ஜன்னல் கம்பியில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே வந்தான்.

வழி சொன்னது அவனுடைய கூட்டாளி ஃபிரெட்ரிக். மயிலாப்பூரில் மாதா கோயில் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசிக்கிறவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

"மச்சி, இது சாம்ப்ளர். உன் வாய்ஸ இதுக்குள்ள ஏத்திக்கலாம். இந்த ரப்பர் கட்டைய தட்னா நீ பாடுவ. வாய் இன்னாத்துக்கு, கை கீதுல்ல?"

செம்பியன் ஒரு கட்டையைத் தட்டினான். உள்ளே ஃபிரெட்ரிக் ஏற்றி வைத்திருந்த கோயில் மணி டங்கென்று அடித்தது. அவன் முகம் பல நாளுக்குப் பிறகு விரிந்தது. எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் வாய் சும்மா இருக்குமா?

"இதுக்குப் பொட்டி எதுக்கு? எங்கிட்ட லேப்டாப் கீது. இதே வேலைய செய்ற சாம்ப்ளர் அதுக்குள்ளயே கீது. எவ்ளோ பேர வேணா போடலாம். சுத்தமா வெட்டித் தரேன்."

"சாவு வூட்ல லேப்டாப்ப தொறந்து வெச்சா ரேஷன் கார்டு சரி பாக்க வந்தவன் மாறி இருக்கும்மே."

செம்பியன் அத்தோடு விடாமல், ஒரு வரி பாடி அதில் ஏற்றச் சொல்லி லேப்டாப்பையும் தட்டிப் பார்த்தான். அவன் விரல் பட்டு, அதன் பிறகு ஒரு நூலிழை தாமதித்துக் குரல் வந்தது. எனக்கு அந்தத் தாமதம் தெரியவே இல்லை. டோலக் அடித்துப் பழகிய கை அவனுடையது. "நான் ஒரு எட்துல கீறேன், என் கொரலு வேற எட்துல கீது" என்றான். பெட்டியில் அந்தக் கோளாறு இல்லை. ஆனால் அதில் கொஞ்சம் பெயர்கள்தான் பிடிக்கும். கடைசியில் இரண்டிலும் ஏற்றுவது என்று முடிவானது. லேப்டாப்புக்கு நான், பெட்டிக்கு அவன்.

யாருடைய பெயர்களை? அங்கேதான் வேடிக்கை. இனிமேல் சாகப் போகிறவர்களின் பெயரை இப்போதே பாடி வைத்தால்தானே உண்டு?

செய்தி தெருவில் பரவியது. கோபித்துக்கொள்வார்கள் என்று பயந்தேன். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு ஒவ்வொருவராக எங்கள் வாசலுக்கு வர ஆரம்பித்தார்கள். முதலில் பக்கத்து வீட்டு சுப்பம்மா, மடியில் முருங்கைக்கீரையோடு. "எம் பேர நல்லா இழுத்துப் பாடு நைனா. இருக்கும்போதே கேட்டுக்கினா நல்லதுதானே" என்று உட்கார்ந்துவிட்டாள். அவன் பாடினான். தன் சாவுப் பாட்டைக் கேட்டபடி அவள் கீரை ஆய்ந்தாள். ஆறு அசையாமல் கிடந்தது. வெயில் வெள்ளைத் துணி காய்கிற மாதிரி எல்லாவற்றின் மேலும் படர்ந்திருந்தது. உயிரோடு இருக்கிறவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக நீர் மேல் மெல்லப் போய்க்கொண்டிருந்தன. எனக்குத் தூக்கமா விழிப்பா என்றே புரியவில்லை.

ஆட்டோ மெக்கானிக் அப்துல் கய்யூம் வந்தார். "எங்க வூட்ல கானாலாம் கெடையாதுப்பா. சும்மா ஒருவாட்டி பாடேன், கேட்டுக்கினு பூட்றேன்" என்றார். கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். மண்ணாங்கட்டித் தாத்தாவும் வந்தார். முன்னால் பிறந்ததெல்லாம் தக்கவில்லை என்று, எமனுக்கே பிடிக்காத பெயராக அம்மா அவருக்கு வைத்தது. "எம் பேர எமன் தொட மாட்டான். வேஸ்ட்டா ஏத்தாத" என்று சிரித்தார். ஆனாலும் பாடி முடிக்கும் வரை எழுந்திருக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு கேட்டேன். "எம் பேரு?"

"மணிமொழின்னு சாவு மெட்டுல நான் பாடணுமா? போடி. உன் பேர நான் ஏத்த மாட்டேன்."

எனக்கு அப்போது அது இனிப்பாகத்தான் இருந்தது.

அன்றன்று பதிவானதை நான் லேப்டாப்பில் உட்கார்ந்து வெட்டினேன். ஒவ்வொரு பெயரின் தலையில் இருந்த மூச்சையும் பாடி முடித்ததும் வாலில் ஒட்டியிருந்த பேச்சையும் நறுக்கிவிட்டு, ஆபீஸ் பழக்கம், வெட்டாத மூலத்தையும் அழித்தேன். அவனோ பெட்டியில் பாதிப் பெயர்களை வால் வெட்டாமலே விட்டு வைத்திருந்தான். கட்டையை அழுத்திக்கொண்டிருக்கும் வரை பதிவானது எல்லாம் ஓடும். "விரல சீக்கிரம் எட்துட்டா போச்சு, அத்த போய் வெட்டிக்கினு" என்றான். சோம்பேறி என்று திட்டினேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அவன் வீட்டுக்கு வந்தான். சாப்பிட்டான், நடந்தான், ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். பேசும் கருவி அவனுக்குப் பிடிபடவில்லை. அதன் இரும்புச் சத்தம் கேட்டால் எங்கள் இருவருக்குமே முகம் சுருங்கியது. அலமாரியில் தூக்கி வைத்துவிட்டான். ஏதாவது வேண்டுமென்றால் கையைத் தட்டுவான், நான் போவேன்.

ஒரு மத்தியானம் லேப்டாப்பைத் திறந்தேன். தெருவில் உள்ள அத்தனை பேரையும் அவன் கூப்பிட்டான். சுப்பம்மா, கய்யூம் பாய், மண்ணாங்கட்டி. என்னைக் கூப்பிடுகிற குரல் மட்டும் எங்கேயும் இல்லை. வீட்டில் அவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. இன்னாமே, இங்க வாமே, அவ்வளவுதான். அதை யார் பதிவு செய்வார்கள்? சாவு வீட்டுக்கு வேண்டியதையெல்லாம் சேர்த்துவிட்டு, எங்கள் வீட்டுக்கு ஒரு வார்த்தைகூட எடுத்து வைக்கவில்லை. மூச்சையும் பேச்சையும் வெட்டியே பழகிய என் கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது. வாய்விட்டு அழுதேன். அவன் வந்து தலையைத் தடவினான். ஏன் அழுகிறாய் என்று கேட்கக்கூட அவனிடம் சத்தம் இல்லை.

மழைக்காலத் தொடக்கத்தில் மண்ணாங்கட்டித் தாத்தா தூக்கத்திலேயே போய்விட்டார். மறுநாள் மத்தியானம் எடுப்பதாக இருந்தது. நான் சுத்தமாக வெட்டிய பெயரோடு லேப்டாப்பைப் பையில் போட்டுத் தயாராக நின்றேன். செம்பியன் பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டான். முதல் தடவையாவது ஒழுங்காக இருக்கட்டும் என்று நினைத்தேனே, கேட்டானா? கோபத்தோடு பின்னால் போய்ப் பெண்கள் பக்கம் உட்கார்ந்தேன்.

டோலக் ஏறியது. அவன் கட்டையைத் தட்டினான். மண்ணாங்கட்டீ என்று அவன் குரல் பந்தலுக்கு மேலே எழுந்தது. கூட்டம் அப்படியே உறைந்து, பிறகு ஓவென்று அழுதது. அவன் உதடுகளும் கூடவே அசைந்தன. விரலும் டோலக்கும் ஒரே இடத்தில் விழுந்தன. இவன் கேட்டது இதைத்தான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. கோபம் போய்விட்டது. தாத்தாவுக்காகவும் அவனுக்காகவும் அழுதேன்.

கடைசி அடி முடிந்து டோலக் நின்றது. செம்பியனின் விரல் கட்டையிலிருந்து எழவில்லை. அழுதுகொண்டிருந்தவன் அதை எடுக்க மறந்துவிட்டான். பெயர் இழுத்து ஓய்ந்தது, ஒரு மூச்சு கேட்டது. பிறகு ஸ்பீக்கரில், அத்தனை பேர் நடுவில், சாதாரணமாக அவன் குரல் வந்தது.

"இன்னாமே, எங்க பூட்ட? தொண்ட வலிக்குது. கொஞ்சம் தண்ணி குடேன்."

"இதோ வரேன்யா" என்று நான் எழுந்துவிட்டேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சுப்பம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். எனக்கு உட்காரத் தோன்றவில்லை. பந்தல் ஓரம் இருந்த குடத்தில் ஒரு டம்ளர் மொண்டு, கூட்டத்தைத் தாண்டி அவனிடம் கொண்டு போனேன். அவன் என்னைப் பார்த்தான், டம்ளரைப் பார்த்தான். பெட்டியிலிருந்து கையை எடுத்து வாங்கிக்கொண்டு, ஒரு சொட்டு விடாமல் குடித்தான்.