முதல் படிக்கு முன்னால் ஒரு தரைக்கல்

தூண் இல்லாமல் எதுவும் நிற்காது என்று முப்பது வருடமாகச் சொல்லிச் சொல்லியே கட்டியவர் மேஸ்திரி. அப்பேர்ப்பட்டவரையே அந்தப் பழைய மாளிகையின் கூடம் வாயடைக்க வைத்தது. முப்பத்தெட்டுக் கல்படிகள் வட்டச் சுவரை ஒட்டி வளைந்து மேல்மாடிவரை ஏறிப்போயின. அடியில் தூணும் இல்லை, உத்தரமும் இல்லை. ஒவ்வொரு படியும் ஒரு முனையை நாலு விரல்கடை சுவருக்குள் செருகிக்கொண்டு மறுமுனையை அந்தரத்தில் நீட்டியிருந்தது.

மாளிகையை இப்போது ஹோட்டலாக்குகிறார்கள். மேனேஜர் வேறு யாருமில்லை, மேஸ்திரியின் மனைவியுடைய தம்பிதான்.

"மாமா, நாளைக்குப் பாதுகாப்பு அதிகாரி வர்றாரு. நீங்க ரெண்டு தூண் குடுத்து, இனி விழாதுன்னு சொல்லிட்டா போதும், ஹோட்டலைத் திறந்துடலாம்."

மனைவிக்கும் அங்கேயே வேலை. திறப்புக்காக மேல்மாடி அறைகளுக்கு விரிப்பு விரித்துத் தயார்செய்வாள். ஒரு நாளைக்கு இருபது தடவை அந்தப் படிகளில் ஏறி இறங்குவாள். மேஸ்திரியோ இரண்டு வாரமாகப் பின்பக்கத்து இரும்பு ஏணியில்தான் மேலே போய்வந்தார்.

"உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு தூணைக் கட்டிக்கிட்டிருக்கலாம்" என்று அவள் ஆள் கேட்கச் சிரித்தாள். அவர் கண்டுகொள்ளவில்லை. உயிர் முக்கியமா, ரோஷம் முக்கியமா?

அன்று காலை, பெயிண்ட் அடிக்க அந்த ஏணியையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மேஸ்திரி கீழே தூணுக்குக் குழி தோண்ட ஆரம்பித்தார். முதல் படியை ஒட்டிப் பதித்திருந்த தரைக்கல்லைக் கடப்பாரையால் நெம்பி, ஒரு சாண் நகர்த்தினார்.

டக்.

முதல் படி ஒரு மயிரிழை முன்னால் வந்திருந்தது. அடுத்த டக் இரண்டாவது படியில். அப்புறம் மூன்றாவது. கண்ணுக்குத் தெரியாத யாரோ நிதானமாக மாடியேறுவதுபோல் அந்தச் சத்தம் மேலே போய்க்கொண்டே இருந்தது. படிகளுக்கு நடுவிலிருந்து சுண்ணாம்புத் தூள் உதிர்ந்தது.

மேஸ்திரி குனிந்து படிகளின் அடியைப் பார்த்தார், புரிந்துவிட்டது. படிகள் சுவரில் தொங்கவில்லை! சுவர் அவற்றைப் புரளாமல் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு கல்லும் தனக்குக் கீழே உள்ள கல்லின்மேல் உட்கார்ந்திருக்கிறது. முப்பத்தெட்டின் பாரமும் கடைசியில் இந்த முதல் படிக்கு வருகிறது. அதை நழுவாமல் தடுத்து நின்றது, அவர் இப்போது நெம்பித் தள்ளிய கல்.

நிமிர்ந்து பார்த்தார். உச்சிப்படியில் மனைவி. முகம் தெரியாத அளவுக்கு விரிப்பு மூட்டை. ஒரு காலைக் கீழே வைக்கப் போனாள்.

"நில்லு! காலை வைக்காதே! பின்னால போ!"

கத்தின கத்தலில் அவள் அப்படியே பின்வாங்கினாள். மேஸ்திரி தரைக்கல்லைத் தோளால் முட்டி முட்டிப் பழைய இடத்தில் சேர்த்தார். இடுக்கில் மர ஆப்புகளை இறக்கி, இனி இறங்காது என்னும்வரை அடித்தார். சத்தம் நின்றது.

சுத்தியல் காம்பால் முதல் படியைத் தட்டினார். கணீரென்றது. செருப்பை உதறிவிட்டு அதன்மேல் ஏறி நின்றார். இரண்டாவதைத் தட்டினார், ஏறினார். ஒரு கல்லாவது பொத்தென்று ஒலித்தால் அங்கேயே நின்றுவிடுவது என்று முடிவு. எதுவும் அப்படி ஒலிக்கவில்லை. பாதியில் குனிந்து பார்த்தார். காலுக்கடியில் ஒரு கல், அதற்கடியில் வெறும் காற்று. பயம் எங்கே போனதென்று தெரியவில்லை, கண் கலங்கிவிட்டது. கட்டினவனுக்கு எப்பேர்ப்பட்ட மூளை! எவ்வளவு நம்பிக்கை!

உச்சிக்கு வந்ததும், "ஏங்க, ஏன் அப்படிக் கத்தினீங்க?" என்றாள் மனைவி.

தரைக்கல்லை நெம்பியதை மறைக்காமல் சொன்னார். அவள் பாதி மூட்டையை அவர் கையில் திணித்தாள்.

"நீங்க தட்டிப் பார்த்தாச்சுல்ல? வாங்க, சேர்ந்தே இறங்குவோம்."

கீழே மேனேஜர் இடுப்பில் கைவைத்து நின்றான். "மாமா, குழி எங்கே? நாளைக்கு அதிகாரிகிட்ட என்னத்தைக் காட்டுறது?"

"தூண் வேண்டாம், மாப்ளே. இது நல்லாத்தான் நின்னுது. தரைக்கல்லை நெம்பிக் கெடுக்கப் பாத்தது நான். இந்த மாதிரிக் கட்டடம் தெரிஞ்ச இன்ஜினியர் ஒருத்தர் வந்து பாக்குறவரைக்கும் யாரும் ஏறக்கூடாது."

"நீங்கதான் நெம்பினீங்கன்னு வெளிய தெரிஞ்சா, இனி ஒரு பழைய வீட்டுப் பக்கம் உங்களை விடுவாங்களா?"

"விட வேண்டாம்னு அதிகாரிக்கு நீயே எழுதிக் குடு" என்றார் மேஸ்திரி. "உங்க அக்கா அந்த உச்சியில நின்னாடா."