பட்டாபிராமன் வீட்டில் தண்ணீர் இல்லை

லேக் கார்டன்ஸ் ரயில் நிலையத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு கட்டடத்தில், இரண்டாம் மாடிச் சமையலறையின் சீலிங்கிலிருந்து ஆனிக் கடைசியில் வங்காளிகள் கொண்டாடும் இலிஷ் மீன் ஒன்று விழுந்தது. முக்கால் கிலோ இருக்கும், உயிரோடு இருந்தது. ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்த சுப்ரியா, அது துள்ளி அடங்கும் வரை மேடையோரம் ஒதுங்கி நின்றாள். பிறகு பழைய நாளிதழில் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்க் கீழ்த்தளத்து ரஞ்சனிடம் கொடுத்தாள். அவர் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கடல் மீன் இல்லை, ஆற்று மீன், இந்த வாரம் மார்க்கெட்டில் இப்படி ஒன்று கிடைக்கவில்லை என்று சொல்லி வாங்கிக்கொண்டார். சீலிங்கில் சித்திரையிலிருந்தே ஓதம் இருந்தது. முதலில் தோசை அளவு, பிறகு தாம்பாள அளவு. மீன் விழ ஆரம்பித்தபின் சுப்ரியா அடுப்பை ஜன்னல் பக்கம் நகர்த்திக்கொண்டாள். அவளுடைய தாத்தா காலத்திலிருந்து கல்கத்தாவில் இருக்கும் குடும்பம் என்றாலும், வீட்டுக்குள் மீன் வந்தது அதுவே முதல் தடவை.

மேல்வீட்டுக்காரர் பட்டாபிராமன். எஃகுக் கம்பெனி ஒன்றில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், கட்டடச் சங்கத்தின் தலைவர். அவர் ஒரு வாதத்தில் தோற்றதாக அந்தத் தெருவில் யாருக்கும் நினைவில்லை. குரலை உயர்த்த மாட்டார். எதிராளி சொல்வதை முழுக்கக் கேட்பார், தலையாட்டுவார், பிறகு தான் ஏற்கெனவே சொன்னதையே மறுபடி சொல்வார். ஓதத்தைப் பற்றி சுப்ரியா முதலில் போய்ச் சொன்னபோது, தன் வீட்டுத் தரை உலர்ந்திருப்பதால் அவள் வீட்டு சீலிங்கும் உலர்ந்துதான் இருக்க வேண்டும் என்றார். சீலிங் ஈரமாக இருக்கிறதே என்றதற்கு, தண்ணீர் சுவர் வழியாகக் கீழிருந்து மேலே ஏறும், அது விஞ்ஞானம் என்றார். மீன் விழுந்தபின் அவள் மறுபடி மாடி ஏறினாள். அவர் கதவைப் பாதி சாத்திக்கொண்டு வருத்தத்தோடு சிரித்தார்.

“எங்காத்துலேர்ந்து மீனா? நாங்க வெங்காயமே சேர்த்துக்கறதில்லையேம்மா.”

இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கிளெய்ம் பிரிவில் இருபது வருஷமாக மனிதர்கள் சொல்லும் காரணங்களைக் கேட்டுப் பழகியவள் சுப்ரியா. நனையாத சரக்கு நனைந்தது என்பவர்களையும், தானே கொளுத்திய கடை தானாக எரிந்தது என்பவர்களையும் பார்த்திருக்கிறாள். அங்கெல்லாம் எங்கேயோ ஓரிடத்தில் காரணம் பிய்ந்து தொங்கும்; அதைப் பிடித்து இழுத்தால் போதும். இவருடைய காரணத்தில் எல்லா இடமும் பிய்ந்திருந்தது, ஆனால் எதை இழுத்தாலும் கையோடு வரவில்லை. இஞ்சினியர் வந்து பார்த்து, உள்ளே கம்பி துருப்பிடித்துவிட்டது, மேல்வீட்டுத் தரையை உடைத்துப் பார்த்தால்தான் சரிசெய்ய முடியும், துர்கா பூஜைக்குள் செய்யாவிட்டால் சீலிங் மொத்தமாக இறங்கிவிடும் என்றார். மேல்வீட்டுத் தரையை உடைக்க மேல்வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். பழுது இல்லாத தரையை உடைக்க எப்படிச் சம்மதிப்பது என்று பட்டாபிராமன் கேட்டார். இரண்டு பிளம்பர்கள் வந்தார்கள். தண்ணீர் இருக்கிறது என்று சொன்ன பிளம்பர், ஒழுகினால் பிழைப்பவன் என்பதால் பாரபட்சமானவன் ஆனான். அவர் வீட்டுக்குள் நுழையாமலே ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனவன் நேர்மையானவன் ஆனான். மீன் விழுவதை வீடியோ எடுத்துக் கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். இந்தக் காலத்தில் கம்ப்யூட்டரில் யானையைக்கூடப் பறக்க வைக்கலாம் என்று அவர் பதில் எழுதினார். அதற்கு ஆறு பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள். அந்த ஆறு பேரில் ரஞ்சனும் ஒருவர். மீன் நின்றுவிடுமோ என்ற கவலை அவருக்கு.

கடைசியில் அவள் கெஞ்சியதன் பேரில் பட்டாபிராமன் வார நடுவில் ஒரு லீவு நாள் காலை கீழே வந்து, சமையலறை நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அரை மணி நேரத்தில் ஒரு மீன் விழுந்து, அவர் தோளில் பட்டு, மடியில் புரண்டு, தரைக்கு வந்தது. அவர் எழுந்து சட்டையில் ஒட்டிய செதிலைத் தட்டிவிட்டார். மீன் இருப்பதை நான் மறுக்கவில்லை, என்றார். ஆனால் அது மேலிருந்து வந்தது என்று எப்படிச் சொல்வது? தான் அப்போது மேலே பார்க்கவில்லையே. அன்று ராத்திரி சுப்ரியாவின் கணவன் ஜெய்ராம் ஹால்தியாவிலிருந்து போன் செய்தபோது அவள் அழுதாள். துறைமுக அதிகாரியான அவன் வாரத்தில் ஐந்து நாள் அங்கேதான். “அவரை ஜெயிச்சு என்ன ஆகப்போறது, விடேன்,” என்றான் அவன். ஜெயிப்பதற்கு இல்லை, ஒரு தடவையாவது அவர் ஆமாம் என்று சொல்லிக் கேட்க வேண்டும் என்றாள் அவள். ஆட்டோவில், மெட்ரோவில், ஆபீஸ் லிஃப்டில் அவள் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. ஜெயிக்கும் அன்று சொல்ல வேண்டிய வாக்கியத்தைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தாள்.

மேல்வீட்டில் அந்த நாட்களில் தண்ணீர் கணுக்கால் வரை நின்றது. நின்றது என்பதைவிட ஓடியது என்பதுதான் சரி. வடக்குச் சுவரில் புறப்பட்டு, ஹால் வழியாகச் சமையலறைக்குள் போய், தெற்குச் சுவரில் மறைந்தது. வாசல் நிலையைத் தாண்டி ஒரு சொட்டும் வெளியே வராதது ஏன் என்று பிற்பாடு இஞ்சினியருக்கும் விளங்கவில்லை. கட்டில் கால்களுக்குக் கீழே பட்டாபிராமன் செங்கல் வைத்திருந்தார். உயரமான கட்டில் முதுகுக்கு நல்லதாம். அவர் மனைவி விஜயலக்ஷ்மி புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு சமைத்தாள். அவள் பாதங்கள் வெளுத்துச் சுருங்கிவிட்டன. முதல் நாள் அவள் தண்ணீர் என்று சொன்னபோது, இப்போதுதானே துடைத்தாய், அதனால் ஈரம் என்றார் அவர். அதற்குமேல் அவள் சொல்லவில்லை. கல்யாணமான புதிதில் தனக்குத் தலைவலி என்று சொல்லி, அது தலைவலி இல்லை என்று அவர் நிரூபித்ததைக் கேட்ட நாளிலிருந்து அவள் எதையும் இரண்டாம் தடவை சொல்வதில்லை.

ஆவணி அவிட்டத்துக்கு மறுநாள், வடை சுட்ட எண்ணெயை வடிகட்டப் போனபோது விஜயலக்ஷ்மியின் காலடியில் தரை இளகிற்று. அவள் மூன்று இலிஷ் மீன்களோடும் ஒரு எவர்சில்வர் தூக்கோடும் சுப்ரியாவின் சமையலறைக்கு வந்து சேர்ந்தாள். தண்ணீரும் கூடவே வந்ததால் அடி எதுவும் படவில்லை. அதன்பின் தண்ணீர் அந்த ஓட்டையைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. மீன்தான் வழக்கம்போல் விழுந்தது. ஓட்டை வழியாகப் பார்த்தால் மேல்வீட்டு மின்விசிறி சுற்றுவது தெரிந்தது. சுப்ரியா துண்டும் மாற்றுப் புடவையும் கொடுத்து, காப்பி கலந்து வைத்தாள். விஜயலக்ஷ்மி உலர்ந்த தரையில் காலை நீட்டி உட்கார்ந்து குடித்தாள். கால் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

சுப்ரியா மாடிக்கு ஓடிப் போய் பட்டாபிராமனைக் கூட்டி வந்தாள். இதைவிடப் பெரிய அத்தாட்சி இருக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. அவர் வாசற்படியில் நின்று, தரையில் உட்கார்ந்திருந்த தன் மனைவியை நிதானமாகப் பார்த்தார். மூன்றாம் மாடியிலிருந்து இரண்டாம் மாடிக்கு வரப் படிக்கட்டு ஒன்றுதான் வழி. காலையிலிருந்து தான் வாசலில்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். யாரும் தன்னைத் தாண்டிப் போகவில்லை. ஆகவே விஜயலக்ஷ்மி மேலேதான் இருக்கிறாள். இது வேறு யாரோ.

“ஜாடை இருக்கு, ஒத்துக்கறேன்,” என்றார்.

விஜயலக்ஷ்மி சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவரும் அதுவரை கேட்டதில்லை.

“நீங்க சொல்றது சரிதான்,” என்றாள். “நான் அவ இல்லை.”

அன்றிலிருந்து அவள் வேறு யாரோவாக சுப்ரியாவின் வீட்டில் இருந்தாள். வேறு யாரோ என்பதால் யாருடைய பத்தியத்துக்கும் சமைக்க வேண்டியிருக்கவில்லை. காலையில் ஏரியைச் சுற்றி நடந்தாள். சாயங்காலம் ரஞ்சனின் மனைவி ஸ்மிதாவோடு டாக்குரியா பக்கம் போய்ப் பூஜைக்குப் புடவை பார்த்தாள், இரண்டு மாமிகளாக நின்று புச்கா என்கிற பானிபூரி சாப்பிட்டார்கள். நான்கு மாதம் தண்ணீரில் நின்றாகிவிட்டது, நீந்தவும் தெரிந்துகொள்ளலாம் என்று ஏரியோரத்து நீச்சல் கிளப்பில் சேர்ந்தாள். அறுபத்தோரு வயதுக்கு நன்றாகவே மிதக்கிறாள் என்று அங்கே சொன்னார்கள். வேறு யாரோவுக்குத் தலைவலி வந்தபோது சுப்ரியா ஏன் என்று கேட்காமல் தைலம் எடுத்துக் கொடுத்தாள்.

மேலே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. பட்டாபிராமன் காரணங்களைத் தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு விரற்கடை ஏறியதாக, ஓட்டைக்கு நேர் கீழே படுத்துக்கொண்ட ஜெய்ராம் ஒரு சனிக்கிழமை கவனித்தான். கட்டிலிலிருந்து சாப்பாட்டு மேஜைக்கும், அங்கிருந்து பீரோ மேலும் அவர் இடம் மாறினார். உயரத்தில் காற்றோட்டம் நன்றாக இருக்கிறது என்று சங்கத்துக் குழுவில் எழுதினார். பிஸ்கட்டும் வாழைப்பழமும் போன் வழியாக வரவழைத்து, கயிறு கட்டிய பையில் ஜன்னல் வழியே ஏற்றிக்கொண்டார். ஆட்களை அனுப்பிக் கதவை உடைக்கலாமா என்று சுப்ரியா கேட்டபோது விஜயலக்ஷ்மி தலையாட்டி மறுத்தாள். அவராகக் கேட்கட்டும், என்றாள்.

மஹாளயத்தன்று விடிந்து, வங்காளிகள் அன்று விடியலில் கேட்கும் சண்டிப் பாராயணம் எல்லா வீட்டு ரேடியோவிலும் ஓய்ந்த பிறகு, ஓட்டை வழியாக அவர் குரல் வந்தது.

“விஜயம், காப்பி.”

விஜயலக்ஷ்மி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“உங்காத்துக்காரி மேலேதானே இருக்கா. அவகிட்டே கேளுங்கோ.”

மேலே தண்ணீர் சலசலத்தது. சுப்ரியா அடுப்பை அணைத்தாள். பிறகு அவர் சொன்னார்:

“இங்கே யாரும் இல்லை.”

“அப்போ எங்கே போனா?”

“கீழே.”

“படி வழியா போனாளா?”

“இல்லை.”

“பின்னே?”

மாடிப்படியில் ரஞ்சனும் ஸ்மிதாவும் முதல் மாடிக்காரர்களும் வந்து நின்றுவிட்டார்கள். தமிழ் புரியாவிட்டாலும் ஏதோ நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்தது. இஸ்திரிக்காரர் வண்டியை விட்டுவிட்டு மேலே வந்தார். சுப்ரியாவின் நாக்கு நுனியில் பதினேழு பதில்கள் இருந்தன. விஜயலக்ஷ்மி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பேசாதே என்று கண்ணால் சொன்னாள். யாரும் அவருக்கு உதவவில்லை. அந்த வழியில் அவரே நடந்து வர வேண்டியிருந்தது.

“ஓட்டை வழியா,” என்றார் பட்டாபிராமன்.

“ஓட்டை எப்படி வந்தது?”

“தரை இத்துப் போச்சு.”

“ஏன் இத்துப் போச்சு?”

“தண்ணியாலே.” பிறகு, யாரும் கேட்காமலே, சின்னக் குரலில்: “தண்ணி இருக்கு விஜயம். சித்திரையிலேர்ந்தே இருக்கு. எனக்கு நீந்தத் தெரியாது.”

சுப்ரியா மாடிப்படிக்கு வந்து, தண்ணீர் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டுவிட்டார் என்று வங்காள மொழியில் சொன்னாள். ஸ்மிதா குலவையிட்டாள். முதல் மாடியிலிருந்து யாரோ சங்கு எடுத்து ஊதினார்கள். பக்கத்துக் கட்டடத்துப் பெண்கள் என்ன விசேஷம் என்று தெரியாமலே பதிலுக்குக் குலவையிட்டார்கள். அது தெருத் தெருவாக ரயில் பாதை வரை போயிற்று. விஜயலக்ஷ்மி புடவையைச் செருகிக்கொண்டு மாடி ஏறி, இடுப்பில் இருந்த சாவியால் கதவைத் திறந்தாள். உள்ளே குதித்து நீந்திப் போய், பீரோ மேல் இருந்தவரின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு இழுத்து வந்தாள். படியில் உட்கார்ந்ததும் சுப்ரியா காப்பி கொண்டு வந்து கொடுத்தாள். அவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “நீ சொன்னது சரிம்மா,” என்றார். தயார் செய்து வைத்திருந்த வாக்கியம் அப்போது அவளுக்கு நினைவுக்கு வந்தது. “சர்க்கரை போறுமா மாமா?” என்று கேட்டாள். போதும் என்றார். ஆபீஸுக்கு அன்று அவள் நடந்தே போனாள். அத்தனை தூரமும் கால் வலிக்கவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கிற்று. அவர் சம்மதத்தோடு தரையை உடைத்தார்கள். குழாய் எதுவும் இல்லை. டைல்ஸுக்கு அடியில் களிமண் கரையும் கொஞ்சம் நாணலுமாக ஒரு சிற்றாறு இருந்தது. கார்ப்பரேஷன்காரர் வந்து பார்த்து, பழைய கால்வாய் ஏதாவது வழி தவறி ஏறியிருக்கும், அடைத்தால் வேறு எங்காவது கிளம்பும் என்றார். ஆகவே இரண்டு பக்கமும் கருங்கல் கட்டி, ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு பலகை போட்டார்கள். சுப்ரியாவின் சீலிங்கைப் பூசி வெள்ளையடித்தார்கள். அதற்கப்புறம் அங்கே ஒரு சொட்டுகூட இல்லை. ரஞ்சன் இப்போது வலையோடு மூன்றாம் மாடிக்குப் போகிறார். விஜயம்தான் நேரம் குறித்துக் கொடுத்திருக்கிறாள். சங்கத்தின் தலைவரும் அவள்தான்.

கார்த்திகையில் ஒரு மத்தியானம் வடக்குச் சுவரைத் தாண்டி ஒரு படகு வந்தது. லுங்கி கட்டிய படகுக்காரர் வாழைக்குலைகள் ஏற்றியிருந்தார். துடுப்பை ஊன்றி நிறுத்தி, அண்ணா, கங்கைக்கு இந்த வழிதானே என்று கேட்டார். பட்டாபிராமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். வீட்டுக்குள் படகு வருவதற்கு வழியே இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். விஜயலக்ஷ்மி நூல் அறுந்துவிடுமோ என்று தறியைப் பார்ப்பவள்போல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாயை மூடினார். இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டு, சமையலறைப் பக்கம் கையைக் காட்டினார். அவள் பலகையை எடுத்தாள். படகு போயிற்று. படகுக்காரர் ஒரு சீப்புச் செங்காயை அடுப்பு மேடையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். நல்ல பழம், இரண்டு நாளில் பழுத்தது.