மூன்று கோடு

அடிவயிற்றில் கடப்பாரை போட்டு நெம்புவதுபோல் வலி. குடலிறக்கத்துக்குக் கட்டும் கச்சையின் வார் காலையில்தான் அறுந்தது. புரொபசர் ரேபைன் வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டே மேடேறினார். ஹார்ட்ஸ் மலையின் அந்தச் சுரங்க ஊரில் அவருடைய அளவைக் குடிசையில் மட்டும்தான் இரும்பு கிடையாது, ஆணிகூடச் செம்பு. ஒரு சாவி பக்கத்தில் வந்தாலும் பூமியின் காந்தத்தை அளக்கும் ஊசி விலகிவிடும்.

ஊசி நாற்பத்தொன்றில் நின்றது. வழக்கமாக அவருக்கு நாற்பத்துநான்கு.

போன இலையுதிர் காலத்திலிருந்து உதவியாளன் வைட் லோரென்ஸ் பார்த்தால் அளவுகோலில் அவரைவிட மூன்று கோடு குறையும். இரும்பை ஒளித்து உள்ளே கொண்டுபோகிறான் என்று அவனைத் தினமும் வாசலில் தடவிப் பார்த்தார் ரேபைன். ஒன்றும் அகப்படவில்லை. அப்படியும் பொய்யன் என்று சுரங்கத் துறைக்கு எழுதி, மார்ச்சில் அவனை விரட்டினார்.

வீட்டுக்குப் போய்க் கச்சையை எடுத்துவந்து ஊசியின் முன் இடுப்பில் பிடித்தார். உள்ளே எஃகு வில். போன இலையுதிர் காலத்தில் வாங்கியது; வெட்கத்தில் யாரிடமும் சொன்னதில்லை. கட்டிக் கட்டி, அது சொந்த எலும்புபோலவே ஆகி மறந்துபோயிருந்தது.

நாற்பத்துநான்கு.

வைட்டின் மனைவி டோரோத்தே கதவை மறித்து நின்றாள். "வாங்க புரொபசரய்யா. என் பாவாடைக் கொக்கியையும் தடவிப் பாக்கணுமா?"

"வைட் இருக்கானா?"

"எங்க போவாரு? மறுபடி குழியில எறங்குனாரு. நெஞ்சு அங்கயே போச்சு. மிச்சம் கெடக்கு, பாருங்க."

வைட் கறுப்பாகத் துப்பிக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தான்; சிரிப்பு இருமலாகி அவனை மடக்கியது.

"இடுப்புல இரும்புக்கடைய கட்டிக்கிட்டா என்னைத் தடவிப் பாத்தீங்க?"

"மன்னிச்சுக்க வைட்."

"அது எனக்கெதுக்கு ஐயா? என் மச்சானே 'மூணுகோட்டுப் பொய்யன்'னு கூப்பிடுறான். எங்க எழுதுனீங்களோ அங்கயே எழுதுங்க, நான் பாத்தது சரின்னு. நான் இருக்கும்போதே."

"இந்த அளவுகளை வச்சு எழுதுன புத்தகம் அச்சுக்குப் போயிருச்சு வைட். இப்ப எழுதுனா என் பேரு..."

"போகும். எனக்குப் போகலையா?"

அந்த வாரம் லைப்ஸிக்கிலிருந்து புத்தகத்தின் அச்சுப்படிகள் திருத்தத்துக்கு வந்தன. ரேபைன் மூன்று எழுத்துப்பிழைகளைத் திருத்தினார். எண்களைத் தொடவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்பே வைட் செத்துப்போனான். அடக்கத்துக்கு ரேபைன் ஒரு மலர்வளையம் அனுப்பினார்; டோரோத்தே அதை வாங்காமல் திருப்பிவிட்டாள்.

வைட் பார்த்தது சரி என்று துறைக்கு ஒரு கடிதம். ரேபைன் அவளுக்குத் தரவேண்டிய கடன் அது. இன்னும் தரவில்லை.