புறங்கைப் பரீட்சை

புகார்ப் பிரிவில் வருடக்கணக்காகத் தொலைபேசி எடுத்தவருக்கு மனசு என்று ஒன்று மிச்சம் இருந்தால்தான் அதிசயம். அவருக்கு இல்லை. "உங்க வருத்தம் எங்களுக்குப் புரியுது, கொஞ்சம் லைன்ல இருங்க" என்று சொல்லிச் சொல்லியே உள்ளே இருந்த வருத்தம், கோபம், சந்தோஷம் எல்லாம் சில்லறை சில்லறையாகச் செலவாகிவிட்டது. அப்பா இறந்த அன்று வீட்டுக்கு வந்து அழுதவர்களிடமும் அதையேதான் சொன்னார். பெரியப்பா ஒருவர் உண்மையிலேயே கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

கடைசியில் அலுவலகம் அவருக்குப் பதிலாக ஒரு இயந்திரத்தை வாங்கியது. அது அதே வாக்கியத்தை, அவரைவிடக் குரல் தழுதழுக்கச் சொன்னது. அவரை அனுப்பிவிட்டார்கள். நாற்காலியை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வந்தார். ஒன்றும் தோன்றவில்லை.

மனசோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மரத்துப்போனது மெல்ல இறங்கி விரல் நுனிவரைக்கும் வந்து சேர்ந்தது. ஆவி பறக்கும் டீ கிளாஸை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு நிதானமாகப் பேப்பர் படிப்பார். நர்ஸாக வேலை பார்க்கும் மனைவி தன் ஆஸ்பத்திரிக்கே அவரை இழுத்துப் போனாள். டாக்டர் ஊசியால் குத்தினார், சின்னச் சுத்தியால் தட்டினார், கடைசியில் கையைக் கழுவிக்கொண்டு சொன்னார்: "நரம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அதுக்கு இஷ்டம் இல்ல, அவ்வளவுதான்."

மனைவியின் தம்பி சோபாக் கடை வைத்திருந்தான். "மாமா, பேசாம நம்ம கடைக்கு வந்துடுங்க. வேலைன்னு பெருசா ஒண்ணும் இல்ல. வர்றவங்க முன்னாடி உக்காந்து காட்டணும்" என்றான். ஒரு நாள் போய் உட்கார்ந்து பார்த்தார்.

"எப்படி இருக்கு மாமா?"

"உக்காந்திருக்கேன்."

"மெத்துன்னு இருக்கா?"

"நீ சொன்னா சரி."

அந்தச் சோபாவில் இன்னொரு நாள் உட்கார்ந்தால் சாகும்வரை எழுந்திருக்க மாட்டோம் என்று அவருக்குத் தெரிந்தது. பயமாக இல்லை. கணக்குப் போட்டால் விடை வருவதுபோலத் தெரிந்தது. மறுநாள் காலை எலக்ட்ரீஷியன் பயிற்சியில் பெயர் கொடுத்துவிட்டு வந்தார். அப்போது வயது நாற்பத்தாறு.

பயிற்சி நடந்த இடம் ஒரு பழைய கிடங்கு. உள்ளே பலகையால் சுவர்கள் எழுப்பி வைத்திருந்தார்கள். கதவு இருக்கும், அறை இருக்காது. அழைப்பு மணி இருக்கும், திறக்க ஆள் இருக்காது. அந்தச் சுவர்களுக்கு முன்னால் ஒரு பழைய கண்டக்டர், ஒரு பழைய பார்பர், ஒரு பழைய பாட்டு டீச்சர் என்று வேறு வேறு வேலையிலிருந்து வந்து கரையொதுங்கிய எல்லாரும் ஸ்க்ரூ டிரைவரோடு நின்றார்கள். சொல்லிக்கொடுத்தது ஒரு பெண். அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். அவர் "மேடம்" என்பார், அவள் "அண்ணா" என்பாள்.

பாடத்தில் இருந்தது ஒன்று, நடந்தது ஒன்று. ஒரு வயரைத் தொடுமுன் மூன்று முறை சோதிக்க வேண்டும் என்பது பாடம். முதலில், கரண்ட் இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்த பிளக்கில் டெஸ்டரை வைத்து, டெஸ்டர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் தொடப்போகும் வயரில். அப்புறம் மறுபடி அதே பிளக்கில், டெஸ்டர் நடுவில் செத்துவிடவில்லையே என்று. நடந்தது என்னவென்றால், எல்லாரும் புறங்கையால் வயரை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்கள். கரண்ட் இருந்தால் கை தானாகச் சுண்டிக்கொண்டு வந்துவிடும். செய்யாதே என்று மேடம் தினமும் திட்டுவாள். திட்டிக்கொண்டே தானும் ஒரு தட்டுத் தட்டுவாள்.

ஒரு நாள் கண்டக்டர் தட்டினார், துள்ளினார். பார்பர் தட்டினார், அம்மாவைக் கூப்பிட்டார். அடுத்து இவர். புறங்கையை வைத்தார், வைத்தபடியே நின்றார்.

"கரண்ட் இல்ல" என்றார்.

மேடம் ஓடிப்போய் மெயினை அணைத்தாள். கரண்ட் இருந்தது. இவர்தான் இல்லை.

அன்றிலிருந்து அவருக்கு ரப்பர் என்று பெயர். கரண்டே அவரைக் கண்டால் ஒதுங்கிப் போகிறது என்றார் கண்டக்டர். மேடம் மட்டும் சிரிக்கவில்லை.

"அண்ணா, லைசென்ஸ் பரீட்சைக்கு நீங்க போகணும்னா நான் கையெழுத்துப் போடணும். போட மாட்டேன்."

"ஏன் மேடம்?"

"கரண்ட் முதல்ல ஒரு தட்டுத் தட்டும், கையை எடுன்னு. மத்தவங்க பிழைக்கிறது அதனாலதான். உங்களுக்கு அந்தத் தட்டே கேக்கலையே."

"உங்க வருத்தம் புரியுது" என்றார் வாய்தவறி.

கையெழுத்து இல்லை என்றால் பரீட்சை இல்லை. பரீட்சை இல்லை என்றால் சோபா.

ரப்பரின் புகழ் ஒரு காண்ட்ராக்டர் காதுக்குப் போயிற்று. "லைசென்ஸ் எதுக்கு அண்ணாச்சி? உங்களுக்குக் கடவுளே கொடுத்துட்டாரே" என்று ஒரு பெரிய லாண்டரிக்குக் கூட்டிப் போனான். மெயினை அணைத்தால் மெஷின்கள் நின்றுவிடும், அணைக்காமல் ஒரு கருகிய இணைப்பை மாற்ற வேண்டும். முதலாளி கைகட்டிப் பக்கத்தில் நின்றார். இவர் ரப்பர் பாயில் ஏறி நின்று, வேலையைச் சாவகாசமாகச் செய்தார். நடுவில் தலையைத் தூக்கி மோப்பம் பிடித்தார்.

"யாரோ எதையோ கருக்குறீங்க" என்றார்.

இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த பெண்கள் அவசரமாகத் தங்கள் சட்டைகளைப் புரட்டிப் பார்த்தார்கள். கடைசியில் ஒருத்தி கிட்டே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, மரியாதையாகச் சொன்னாள்: "ஐயா, அது உங்க விரலுங்க."

ஒரே விரல் இரண்டு முனைகளுக்கு நடுவில் மாட்டியிருந்ததால் கரண்ட் அந்த விரலோடு திரும்பிப் போயிருந்தது. இன்னொரு கை சுவரில் பட்டிருந்தால் இந்தக் கதை லாண்டரியிலேயே முடிந்திருக்கும். காண்ட்ராக்டர் அதற்குள் படியிறங்கிவிட்டிருந்தான்.

வீட்டில் மனைவி கட்டுப் போட்டாள். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேருக்குப் போட்ட கை, இன்றைக்கு ஒரே முடிச்சை இரண்டு தடவை அவிழ்த்துப் போட்டது.

"வலிக்குதா?"

"இல்ல."

"எனக்கு வலிக்குது. ரெண்டு பேருக்கும் சேத்து நான் ஒருத்தியே எவ்வளவு நாள் வலிச்சுட்டிருக்க முடியும்?"

அவர் யோசித்துப் பார்த்தார். நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.

அதற்குப் பிறகு அவர் மூன்று முறை சோதிக்காமல் எதையும் தொடவில்லை. வயர் சரி. அறுந்து தரையில் கிடக்கும் துண்டு வயரையும் சோதித்தார். மைத்துனன் கை குலுக்க வந்தபோது அவன் கையிலும் டெஸ்டரை வைத்துப் பார்த்தார் என்று கண்டக்டர் சொன்னார். கண்டக்டர் சொல்வதில் பாதிதான் பொய்.

பயிற்சியின் கடைசி நாள். எல்லாருக்கும் கையெழுத்துப் போட்டு முடித்தபின் மேடம் அவரைப் பலகைச் சுவருக்கு முன்னால் கூப்பிட்டாள். ஸ்விட்ச் பெட்டியிலிருந்து ஒரு வயர் நீட்டிக்கொண்டிருந்தது.

"இதை நானே ஆஃப் பண்ணினேன் அண்ணா. நானே டெஸ்ட் பண்ணினேன். தொடுங்க."

அவர் டெஸ்டரை எடுத்துக்கொண்டு, எதிர்மூலையில் இருந்த பிளக்கை நோக்கி நடந்தார்.

"அண்ணா, கரண்ட் இல்லன்னு நான்தானே சொல்றேன்."

"சரி மேடம்" என்றார், நடையை நிறுத்தாமல். பிளக்கில் வைத்தார், டெஸ்டர் விளக்கு எரிந்தது. திரும்பி வந்து வயரில் வைத்தார், எரியவில்லை. மறுபடி பிளக்குக்கு நடந்தார்.

"மாமியார் வீட்டுக்கு விருந்துக்குப் போற மாதிரி நடக்குறாரு பாரு" என்றார் பார்பர். பாட்டு டீச்சர் சிரித்தாள்.

மேடத்தின் முகம் சிவந்துவிட்டது. "என்மேல நம்பிக்கை இல்லையா உங்களுக்கு?"

பிளக்கில் டெஸ்டர் எரிந்தது. பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"உங்கமேல இருக்கு மேடம். இந்த விரல்மேலதான் இல்ல."

திரும்பி வந்து, வயரைத் தொட்டார். ஒன்றும் ஆகவில்லை. அவள் சொன்னது உண்மைதான்.

மேடம் கொஞ்ச நேரம் தன் புறங்கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம், கோபம் குறையாமலே, பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டாள். "போங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி ஆஸ்பத்திரியில் டபுள் ஷிஃப்ட் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"என்ன ஆச்சு?"

"போட்டுட்டாங்க."

அவள் தலைவாரிக்கொண்டிருந்த சீப்பு பாதியில் நின்றது. "சந்தோஷமா இருக்கா?"

அவர் செருப்பைக் கழற்றி, ஓரமாக வைத்து, உள்ளே தேடிப் பார்த்தார். நேர்மையான மனிதர், அவசரப்படவில்லை.

"இருக்கணும்" என்றார்.

"சரி, விடுங்க. உங்க பங்கையும் நானே பட்டுக்கறேன்" என்றாள்.

கதவைத் திறந்து தெருவில் இறங்கினாள். அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷத்திலும் டபுள் ஷிஃப்ட்.