கிளட்ச் கால்

மருமகள் "அத்தை" என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, தெருவே அவள் மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிட்டது. பள்ளி வேன் ஓட்டுகிறவள். குளியலறை வாசலில் வழுக்கி விழுந்ததில் இடது கணுக்கால் முறிந்தது. கட்டுப் பிரித்தபோது கால் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. மடக்கச் சொன்னால் மரக்கட்டையாக நின்றது. கிளட்ச் மிதிக்கிற கால்.

"வேனை வித்துடலாம்மா. இத்தனை வருஷம் ஓட்டினது போதும்," என்றான் மகன்.

அத்தைக்குச் சுருக்கென்றது. அவள் வாயெடுப்பதற்குள் அடுப்படியிலிருந்து மருமகள் குரல் வந்தது. "யார் சொன்னா? அத்தை ஓட்டுவாங்க."

மருமகள் பிசியோதெரபிஸ்ட். கல்யாணமான புதிதில், "காலை நீட்டு, மடக்குன்னு சொல்றதுக்கு ஒரு படிப்பா?" என்று அத்தை சிரித்ததுண்டு. இப்போது அந்தப் படிப்பிடமே வசமாக மாட்டிக்கொண்டாள்.

"காத்துல காலால 'ழ' எழுதுங்க அத்தை. எல்லாப் பக்கமும் திரும்பணும்."

"கையால எழுதினாலே எனக்கு அது கோணும்டி!"

எழுதினாள். பாதத்தில் துண்டை மாட்டித் தன் பக்கம் இழுத்தாள். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை ஏற்றி இறக்கினாள். ஒருநாள் மருமகள் இல்லாத நேரத்தில் அவசரப்பட்டு எல்லாவற்றையும் இரண்டு மடங்கு செய்ய, கணுக்கால் பூசணிக்காயாக வீங்கியது.

மருமகள் திட்டவில்லை. "கால் சொல்றதையும் கொஞ்சம் கேளுங்க," என்று ஐஸ் வைத்தாள். வீக்கம் வடிந்ததும் மறுபடி 'ழ'விலிருந்து தொடங்கினார்கள். மெல்ல மெல்ல, எதையும் பிடிக்காமல் இடது காலில் மட்டும் நிற்க வந்தது.

மருத்துவர் "ஓட்டலாம்" என்றதும் அத்தை வெறும் வேனை வெளியே எடுத்தாள். பக்கத்தில் மருமகள், பின்னால் மகன். மேம்பாலத்தின் ஏற்றத்தில், பாதியில் வண்டிகள் நின்றுவிட்டன. பின்னால் ஒரு லாரி வேனை ஒட்டி மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது.

"அம்மா, பாத்து... பின்னால போயிடப்போவுது!"

"சும்மா இருடா."

வழி விட்டதும் கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். கால் நடுங்கவில்லை. வேன் ஒரு விரற்கடைகூடப் பின்வாங்காமல் ஏறியது. மருமகள் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பள்ளி திறந்த அன்று மற்ற டிரைவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "எந்த டாக்டர் அத்தை? கைராசிக்காரர் போல!"

அத்தை நெஞ்சை நிமிர்த்தினாள். "டாக்டர் எலும்பை ஒட்டினார். வேனை ஓட்ட வச்சது என் மருமக. கழுத்து, இடுப்பு, எது பிடிச்சிருந்தாலும் வாங்க. ஆனா சொன்னதைச் செய்யணும். அவகிட்ட என் பாச்சாவே பலிக்கல!"