பார் மேல் நாலு ஓட்டம்

மீன் என்றால் நிர்மலாவுக்கு அதுவரை ஓசூர் மார்க்கெட்டில் ஐஸ் பெட்டிக்குள் கண்ணை விழித்துக்கொண்டு கிடப்பதுதான். உயிருள்ள மீனைக் கெலவரப்பள்ளி அணைப் பக்கம் இரண்டொரு முறை பார்த்திருக்கிறாள், அதுவும் இன்னொருத்தர் வலையில். அப்படிப்பட்டவள், மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை, புதுச்சேரிக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்துக் கரையில், ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தாள். அலை வந்து சுடிதாரை இடுப்பு வரை நனைத்துவிட்டுப் போனது. அதற்கும் சிரித்தாள். ஆனால் அவள் வந்தது அலையில் விளையாட இல்லை, ஒரு மீன் பிடிக்க.

விஷயம் இதுதான். ஓசூரில் இரு சக்கர வண்டி செய்கிற தொழிற்சாலை ஒன்றில் அவள் பன்னிரண்டு வருடமாகப் பின்சக்கரத்துக்குப் போல்ட்டு முடுக்குகிறாள். போன வாரம் மேனேஜர் கூப்பிட்டு, லைன் லீடர் வேலைக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருப்பதாகச் சொன்னார். சென்னைப் பக்கத்து ஆலையில் மூன்று மாதம் பயிற்சி. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். அவள் புருஷன் முனீஸ்வரன் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. ஏழாவது படிக்கிற மகளைக் காலையில் யார் கிளப்பி அனுப்புவது, தனக்கு ஷிப்டு மாறி மாறி வருமே, சோறு யார் வடிப்பது என்று கேட்டுக்கொண்டே இருந்தான். பக்கத்து வீட்டு பவுலினா, பிள்ளையைத் தான் பார்த்துக்கொள்வதாக இரண்டு முறை சொல்லிவிட்டாள். அதற்கும் அவனிடம் ‘பாக்கலாம்’தான்.

இந்தக் கடல் பயணம் பவுலினாவின் புருஷன் சவரியப்பன் செல்போனில் பார்த்துப் பிடித்தது. எட்டுப் பேர் சேர்ந்தால் ஒரு படகு. ஆளுக்கொரு இடம், ஆளுக்கொரு தூண்டில். மூன்று மணி நேரத்தில் கரைக்குத் திரும்பிவிடலாம். இரண்டு தம்பதிகளும் சனிக்கிழமை முதல் ஷிப்டு முடிந்ததும் கிளம்பினார்கள். நிர்மலாவின் மகளைப் பாகலூரில் அவள் அக்கா வீட்டில் இறக்கிவிட்டு வந்தார்கள். கிருஷ்ணகிரி தாண்டி மாந்தோப்புகள் பூத்து நின்ற இடத்தில் பவுலினா மறுபடியும் சென்னைப் பேச்சை எடுத்தாள். அப்போதுதான் முனீஸ்வரன் காரின் முன் சீட்டிலிருந்து திரும்பி, சிரித்துக்கொண்டே சொன்னான்:

“நாளைக்கு உங்கையால ஒரு மீன் புடிச்சிக் காட்டு. நானே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து ஏத்தி வுடறன்.”

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் நிர்மலா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பவுலினாவைப் பார்த்து, நீ சாட்சி என்றாள். பவுலினா சிலுவை போட்டுக்கொண்டாள். அதோடு விளையாட்டுப் பேச்சு வாக்காகிவிட்டது.

படகில் மற்ற நான்கு பேர்: பெங்களூரிலிருந்து வந்த இரண்டு கணினி இளைஞர்கள், சேலத்துத் துணிக்கடைக்காரர் ஒருவர், அவருடைய மச்சான். முனீஸ்வரன் பெங்களூர்ப் பையன்களோடு கன்னடத்தில் ஆரம்பித்து, ஐந்து நிமிடத்தில் அவர்கள் ஊர், தெரு எல்லாம் கேட்டு முடித்துவிட்டான். படகுக்காரர் வெள்ளைச்சாமி ஐம்பது வயது ஆள். வெயிலில் வெந்த முகம், குறைவான பேச்சு. முக்கால் மணி நேரம் எஞ்சினை முடுக்கிக் கொண்டுபோய், கரை ஒரு கோடாகத் தெரிகிற இடத்தில் நிறுத்தினார். சத்தம் அடங்கியதும் தண்ணீர் படகின் விலாவில் தட்டுகிற ஓசை மட்டும் கேட்டது.

கீழே பதினைந்து பாகத்தில் பார் இருக்கிறது என்றார் அவர். இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம். பார் என்றால் கடலுக்கடியில் கிடக்கிற பாறைத் திட்டு. மீன் எல்லாம் அதில்தான் குடியிருக்கும். நங்கூரம் போடப் போவதில்லை. பாரின் தெற்குத் தலையில் எஞ்சினை அணைத்தால் நீரோட்டம் படகை மெதுவாக வடக்கே தள்ளிக்கொண்டு போகும். பார் தீர்ந்ததும் தூண்டிலைத் தூக்கிவிட்டு மறுபடி தெற்குத் தலைக்கு. அது ஒரு ஓட்டம். இருக்கிற நேரத்துக்கு மூன்று ஓட்டம்தான் வரும். நான்காவது வேண்டுமென்றால் எட்டுப் பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும், ஒருத்தர் மறுத்தாலும் கரைக்குத்தான். இன்னொன்றும் சொன்னார்: யாருக்காவது பெரிய மீன் மாட்டினால் மற்ற ஏழு பேரும் தங்கள் தூண்டிலைச் சுற்றி மேலே எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் சிக்காகிவிடும்.

முதல் ஓட்டத்தில் பெங்களூர்ப் பையன் ஒருவன் சிவப்பாக மினுமினுக்கிற சங்கரா மீன் ஒன்றை மேலே எடுத்தான். படகே ஒரு பக்கம் சாய்கிற மாதிரி எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். வெள்ளைச்சாமி அதட்டி உட்கார வைத்தார். நிர்மலா இரையாகக் கோத்த கணவாய்த் துண்டுகளை ஏதோ ஒன்று நோகாமல் தின்றுவிட்டுப் போயிருந்தது. வெறும் தூண்டில் முள் மேலே வந்தது. முனீஸ்வரன் எட்டிப் பார்த்து, பரவாயில்லை, கீழே யாருக்கோ காலைப் பலகாரம் ஆயிற்று என்றான்.

இரண்டாவது ஓட்டத்துக்குப் படகு தெற்கே போகும்போது அவள் தன் தூண்டில் கம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நைலான் நரம்பு சுற்றியிருக்கிற உருளைக்கு முன்னால் ஒரு சின்னத் திருகு. தொட்டுப் பார்த்தால் தளர்வாக ஆடியது. திருகினால் டிக், டிக் என்று சத்தம் வந்தது. பன்னிரண்டு வருடமாக ஆடுகிற எதைக் கண்டாலும் சத்தம் வரும்வரை முடுக்கிய கை அது. தன் பாட்டில் வேலையைச் செய்து முடித்தது. கடைசியில் ஒரு அரைச் சுற்று வேறு, திருப்திக்கு.

ஈயக் குண்டு பாரைத் தொட்ட மறுகணமே கம்பு வளைந்து நுனி தண்ணீருக்குள் போனது. கை இரண்டையும் யாரோ பிடித்துக் கடலுக்குள் இழுக்கிற மாதிரி இருந்தது. நிர்மலாவின் தொண்டையிலிருந்து என்ன சத்தம் வந்தது என்று அவளுக்கே தெரியாது. பவுலினா அவள் மிதவைச் சட்டையின் பட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். மற்றவர்கள் விறுவிறுவென்று சுற்ற ஆரம்பித்தார்கள். அடுத்த இழுப்பில் ‘பட்’ என்றது. கம்பு நிமிர்ந்து நின்றது. நரம்பு காற்றில் ஆடியது.

வெள்ளைச்சாமி வந்து கம்பை வாங்கி, திருகைத் தொட்டுப் பார்த்தார். அது அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திருகித்தான் தளர்த்த முடிந்தது.

“எம்மா, யாரு இத இப்டி இறுக்குனது? மீனு ஓடணும். ஓடவுட்டுத்தான் இழுக்கணும். நீ கட்டிப்போட்டா அது அறுத்துக்கினுதான் போவும்.”

“பழக்கம்ணா,” என்றாள் நிர்மலா சன்னமாக.

சவரியப்பன்தான் முதலில் சிரித்தார். அவரும் அதே கம்பெனி. இனி அந்த மீன் எந்தக் கடலுக்குப் போனாலும் குவாலிட்டிக்காரன் தப்புச் சொல்ல முடியாது, அப்படி முடுக்கியிருக்கிறாள் என்றார். நிர்மலாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முனீஸ்வரன் மட்டும் சிரிக்காமல் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நரம்பு உரசி உள்ளங்கையில் சிவப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது.

மூன்றாவது ஓட்டத்தில் அவள் திருகைத் தொடவே இல்லை. பார் பாதி கடந்திருக்கும். மறுபடியும் அந்த இழுப்பு. இந்த முறை உருளை கிர்ரென்று சுற்ற, நரம்பு ஓடியது. அவள் ஓடவிட்டாள். நின்றதும் சுற்றினாள். மறுபடி ஓடியது, மறுபடி விட்டாள். கை தானாகக் கற்றுக்கொண்டது. வெள்ளைச்சாமி எல்லோரையும் தூண்டிலைத் தூக்கச் சொன்னார். ஏழு பேரில் ஆறு பேர் தூக்கினார்கள். முனீஸ்வரன் தூக்கவில்லை, அவன் கம்பும் அதே நேரத்தில் வளைந்திருந்தது. எனக்கும் மாட்டியிருக்கு, எனக்கும் மாட்டியிருக்கு என்று கத்திக்கொண்டே சுற்றினான். இரண்டு நரம்பும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு மேலே வந்தன. கடைசியில் பச்சைத் தண்ணீருக்குள் பழுப்பாக, பெரிய வாயோடு ஒரு கலவா மீன் தெரிந்தது. ஒன்றே ஒன்று.

வெள்ளைச்சாமி அதைப் படகுக்குள் போட்டுவிட்டுக் குனிந்து பார்த்தார். சேர்ந்து போகிற படகில் சட்டம் ஒன்றுதான்: வாய்க்குள் யார் முள் இருக்கிறதோ அவர் மீன். நிர்மலாவின் நரம்பு செவுளைச் சுற்றியிருந்தது. அவளுடைய முள் வெறுமனே தொங்கியது. வாய்க்குள் இருந்தது முனீஸ்வரனின் முள்.

அவன் மீனைத் தூக்கவில்லை. அவளைப் பார்த்தான். பிறகு பொதுவாக எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, இது அவள் இழுத்த மீன், அவள் பேரில் வைத்துக்கொள்ளலாம் என்றான். சேலத்துக்காரர்கூடத் தலையை ஆட்டினார். நிர்மலாவுக்கு ஒரு நொடி ஆசையாகத்தான் இருந்தது. ஒரு கை நீட்டினால் சென்னை.

“வேணாம் மாமா,” என்றாள். “வாயில இருக்கறது உங்க முள்ளு. நீங்க குடுத்து நான் வாங்கனா அது நான் புடிச்ச மீன் ஆவாது.”

பார் தீர்ந்துவிட்டது. வெள்ளைச்சாமி சூரியனைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், நான்காவது ஓட்டம் போவதா என்று கேட்டார். காற்று எழும்பத் தொடங்கியிருந்தது. சேலத்து மச்சானுக்குக் குமட்டல். படகின் ஓரத்தில் தலையைச் சாய்த்திருந்தார். பவுலினா கை தூக்கினாள், சவரியப்பன் தூக்கினார், பெங்களூர்ப் பையன்கள் இருவரும் தூக்கினார்கள், துணிக்கடைக்காரரும் தூக்கினார். முனீஸ்வரன் இரண்டு கையையும் தூக்கியிருந்தான். எல்லோரும் அந்த மச்சானைப் பார்த்தார்கள். பாவம் மனிதர், தலையை நிமிர்த்தாமலே ஒரு விரலை மட்டும் உயர்த்தினார்.

அந்த ஓட்டத்தில் முதல் பத்து நிமிடம் ஒன்றுமே இல்லை. பாரின் வடக்கு முனை வந்துவிட்டது, இன்னும் கொஞ்ச தூரம்தான் என்றார் வெள்ளைச்சாமி. அப்போது கம்பின் நுனி இரண்டு முறை கொத்துகிற மாதிரி துடித்தது. முனீஸ்வரன் அவளுக்கு முன்னால் அதைப் பார்த்துவிட்டான். தன் தூண்டிலைக் கடகடவென்று சுற்றிப் படகுக்குள் போட்டான். மற்றவர்களையும் தமிழில் ஒரு முறை, கன்னடத்தில் ஒரு முறை தூக்கச் சொன்னான். தண்ணீருக்குள் ஒரே ஒரு நரம்பு நின்றது.

பெரிய இழுப்பு ஒன்றும் இல்லை. அவள் சுற்றினாள், சுற்றினாள். மேலே வந்தது ஒரு சாண் மீன், முதுகில் புள்ளி புள்ளியாக, முயல் மாதிரி பல்லோடு. படகின் விளிம்பைத் தொட்டதும் அது கோபித்துக்கொண்டு காற்றை விழுங்கி, பந்து மாதிரி உப்பிவிட்டது. முள் அதன் உதட்டில் குத்தி நின்றது. அவளுடைய முள்.

“பேத்தை,” என்றார் வெள்ளைச்சாமி. விஷமுள்ள மீன், யாரும் தின்பதில்லை, வெறுங்கையால் தொடாமல் தண்ணீரில் விட்டுவிடுவதுதான் வழக்கம் என்றார். குமட்டலை மறந்து எழுந்து உட்கார்ந்துவிட்ட சேலத்து மச்சான், தின்ன முடியாததெல்லாம் மீன் கணக்கில் வருமா என்று ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். காருக்குள் நடந்த பந்தயம் பவுலினாவின் வாய் வழியாக எப்போதோ படகு முழுக்கத் தெரிந்திருந்தது. எட்டு ஜோடிக் கண்ணும் முனீஸ்வரன் மேல் நின்றன. அவன் குனிந்து அந்த உப்பிய பந்தைப் பார்த்தான். அது கண்ணை உருட்டி அவனைப் பார்த்தது.

“சாப்புடற மீன் புடின்னு நான் சொல்லல,” என்றான். “மீன்தான் இது. இவதான் புடிச்சா. நான் பாத்தன்.”

அவ்வளவுதான், படகு ஆட்டம் கண்டுவிட்டது. பெங்களூர்ப் பையன்கள் கை தட்டியதில் பேத்தை இன்னும் கொஞ்சம் உப்பியது. வெள்ளைச்சாமி இடுக்கியால் முள்ளை எடுத்து அதைத் தண்ணீரில் விட்டார். மல்லாந்து கொஞ்ச தூரம் மிதந்துபோய், புஸ்ஸென்று இளைத்து, ஒரே முழுக்கில் காணாமல் போனது. நிர்மலா எழுந்து நின்று, அது போன இடத்தைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினாள்.

கரைக்குத் திரும்பும்போது காற்று எதிரே அடித்தது. அவள் கூந்தல் மொத்தமும் அவிழ்ந்து பவுலினாவின் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. முனீஸ்வரன் நகர்ந்து வந்து அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து, எஞ்சின் சத்தத்துக்கு மேல் காதருகே கேட்டான்:

“ஏ நிம்மி, பாப்பாவுக்கு எப்பிடிடி சடை பின்றது? ஸ்கூல்ல ரெட்டை சடை கேப்பாங்க இல்ல.”

நிர்மலா திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் அழுதுவிடுவாள். தலையை மட்டும் கொஞ்சம் பின்னால் சாய்த்து, கூந்தலை இரண்டாகப் பிரித்து அவன் கையில் கொடுத்தாள். ஒவ்வொன்றையும் மூன்றாகப் பிரித்துக்கொள்ளச் சொன்னாள். இடது பக்கத்தை நடுவில் போடு, அப்புறம் வலது பக்கத்தை நடுவில் போடு. உப்புத் தண்ணீரில் ஊறிய முடி பிசுபிசுத்தது. முதல் சடை கோணலாக வந்தது. அவிழ்த்து மறுபடி ஆரம்பித்தான். சவரியப்பன் செல்போனைத் தூக்கிப் படம் எடுக்கப் போக, பவுலினா அவர் கையில் ஒன்று போட்டாள். குப்பத்துத் தென்னைமரங்கள் பக்கத்தில் தெரியத் தொடங்கியபோது அவன் இரண்டாவது சடையின் பாதியில் இருந்தான். கொஞ்சம் மெதுவாகப் போகச் சொல்லி வெள்ளைச்சாமியிடம் கேட்டான்.