துரையின் இடுப்பில் இரண்டு அங்குலம்

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், வாசகரே. இது கலை ஆர்வத்தில் பிறந்த கதை அல்ல. பக்கத்து வீட்டுக்குப் போய் மூன்று வார்த்தை சொல்ல வேண்டியவன், சொல்லப் பயந்து, மூன்று நாளாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தொடக்கம் ஒன்று: 'ஆப்பிரிக்கப் பாலைவனத்தின் ஓரத்தில், மானை விரட்டிப் பிடிக்கும் ஒரு வேட்டைநாய்...' (வேண்டாம். பேருந்து நிலையத்தைத் தாண்டினாலே எனக்குத் தலை சுற்றும்.)

தொடக்கம் இரண்டு: 'அந்த நாயைக் கண்ட அன்றே என் மனம்...' (இங்கே மனைவி சிவப்பு மையில் எழுதியிருக்கிறாள்: "மனசு இல்ல, மூக்கு. அடுத்த வீட்டுல நுழைக்கிறது அதுதான்.")

தொடக்கம் மூன்று: பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் ஒரு நாய் இருக்கிறது. அசவாக் என்கிற இனம். பெயர் துரை.

2.

பெயருக்கேற்ற நடை. கூப்பிட்டால் வரமாட்டான். யோசித்துவிட்டு, வந்தாலும் வருவான். அந்நியரைப் பார்த்துக் குரைப்பதுகூட இல்லை, இப்படி ஒருவர் இருக்கிறார் என்பதையே கண்டுகொள்ளமாட்டான். நெட்டைக் கால்கள், ஒட்டிய வயிறு. விலா எலும்பை எண்ணலாம். நான் எண்ணினேன்.

'ஐயோ பாவம், பட்டினி' என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். மறுநாள் காலை முதல், தையல் இயந்திரம் ஓடத் தொடங்கியதும், வெண்ணெய் தடவிய இரண்டு ரொட்டிகள் சுவரைத் தாண்டிப் போயின.*

பதினாறு நாள் துரை அதைத் தொடவில்லை. காக்கைகள் வாழ்த்தின. பதினேழாம் நாள் ஒரு துண்டை எடுத்தான். இரண்டு மாதம் கழித்து, கையிலிருந்தே வாங்கினான். உண்மையைச் சொல்கிறேன், என்னைத் தேடி ஒரு ஜீவன் சுவரோரம் காத்திருந்தது அதுவே முதல் தடவை.

* என் தொழில், இயந்திரங்களுக்குப் பயன்பாட்டுக் கையேடு எழுதுவது. 'பயன்படுத்தும் முன் முழுவதும் படிக்கவும்' என்று எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

3.

இந்த இடத்தில் எனக்கு ஒரு பாத்திரத்தின் மேல் சந்தேகம். பக்கத்து வீட்டுக்காரன். அவனை இளகிய மனசுக்காரனாக எழுதிப் பார்த்தேன். 'வாயில்லா ஜீவனின் பசி பொறுக்காத அந்த நல்லவன்...' மனைவி அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டாள்.

"அவ்வளவு நல்லவன் ஏன் சுவருக்கு இந்தப் பக்கம் குனிஞ்சு நின்னான்? வாசல்ல போய்க் கேட்டிருக்கலாமே, 'நாய்க்கு என்னம்மா போடறீங்க'ன்னு?"

கேட்டிருக்கலாம்.

4.

போன செவ்வாய்க்கிழமை. குளிர் தொடங்கிவிட்டது. துரைக்குத் தோல் மெல்லிசு, கொழுப்பும் இல்லை, குளிர் தாங்கமாட்டான். வருடா வருடம் தையல்காரம்மாவே கம்பளிச் சட்டை தைத்துப் போடுவார். இந்த வருடம் பழைய சட்டையின் பொத்தான் எட்டவில்லை. அளவு நாடாவை எடுத்தார். நான் சுவருக்கு இந்தப் பக்கம், குனிந்து.

"இடுப்பு ரெண்டு இஞ்ச் ஏறியிருக்கு. டாக்டர் சொன்னது சரிதான். எடை கூடித்தான் முன்னங்கால் வீங்கியிருக்கு. இனிமே ஓட விடக்கூடாதாம். என்னடா போட்டே?"

"நான் எதுவும் போடலக்கா." கூடவே தங்கியிருக்கும் தம்பி.

"போன வருஷம் பிஸ்கட் குடுத்து மாட்டினவன் நீதானே?"

"அது போன வருஷம். இப்ப சத்தியமா இல்ல."

"வீட்டுல இருக்கறது ரெண்டே பேர். நான் குடுக்கல. வெளியாள் கையால துரை பச்சைத் தண்ணிகூடக் குடிக்கமாட்டான். அப்புறம் யாரு, பேயா?"

அந்த இனத்தின் குணமே தம்பிக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது.

"நாய்க்கு வலிக்குதுன்னு பார்த்தும் வாயத் திறக்கல பாரு. பொய் சொல்றவன்கூட என்னால இருக்க முடியாது. சனிக்கிழமைக்குள்ள வேற இடம் பார்த்துக்கோ."

எழுந்து நின்று 'நான்தான் ரொட்டி போட்டேன்' என்றிருக்க வேண்டும். குனிந்தபடியே என் வீட்டுக்குள் போய்விட்டேன்.

5.

இந்த இனத்தைப் பற்றி அன்று மாலைதான் படித்தேன். கையேட்டு நடை என்னை விடமாட்டேன் என்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கை: விலா எலும்பும் இடுப்பெலும்பும் தெரிவது பழுது அல்ல, இந்த இனத்தின் அமைப்பே அது. எலும்பு உறுத்தும், ஆகவே மெத்தை தேவை. தினமும் ஓட்டம் தேவை, வேலி போட்ட இடத்தில். அசைவது எதுவானாலும் துரத்தும். அதட்டக் கூடாது. நம்பிக்கை வர நாளாகும், வந்தால்...

(இந்த வரியை முடிக்க முடியவில்லை. அப்படியே விடுகிறேன்.)

6.

மூன்று முடிவுகள் எழுதினேன்.

அ) தம்பி போய்விடுகிறான். ரொட்டி நின்றதால் துரை இளைக்கிறான். 'பார்த்தியா, அவன்தான்' என்கிறார் அக்கா. கனகச்சிதமான முடிவு. எழுதியதும் நானே கோடு போட்டு அடித்தேன்.

ஆ) பேயே வந்து ஒப்புக்கொள்கிறது. (மனைவி: "வெட்கமா இல்லையா?")

இ) துரை எல்லார் முன்னாலும் வந்து என்மேல் சாய்ந்து, என்னைக் காட்டிக்கொடுக்கிறான். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் என் வேலையை வீங்கின காலோடு ஒரு நாய் ஏன் செய்ய வேண்டும்?

7.

இன்று சனிக்கிழமை. தம்பியின் பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. மனைவி காகிதங்களை என் கையில் திணித்து, "வாயால சொல்ல வரலைன்னா இதையாவது குடுத்துட்டு அங்கேயே நில்லுங்க. ஓடி வந்துடாதீங்க" என்றாள்.

முதல் வரியில் 'வாசகரே' என்று கூப்பிட்டது உங்களைத்தான், தையல்காரம்மா. உங்களைப் பற்றி உங்களிடமே மூன்றாம் மனுஷியாகச் சொன்னதும் சுவருக்கு இந்தப் பக்கம் குனிந்த அதே புத்திதான்.

நான்தான் ரொட்டி போட்டேன். தம்பி சொன்னது சத்தியம். பெட்டியை முதலில் உள்ளே எடுத்து வையுங்கள். அதை மட்டும் கதையாகப் படிக்காதீர்கள்.

நீங்கள் படிக்கும்போது நான் உங்கள் கேட்டுக்கு வெளியே நிமிர்ந்து நின்றுகொண்டிருப்பேன். கையில் ரொட்டி இல்லை. துரை என்னை அடையாளம் கண்டுகொள்வானா என்று தெரியவில்லை. தாழ்ப்பாள் உங்கள் பக்கம் இருக்கிறது.